பதினைந்து ரவுண்டு காலத்தில் ஒரு சாம்பியன்

குத்துச்சண்டை என்றாலே எனக்கு ஆகாது. கல்யாணமான நாளிலிருந்தே ஆகாது. ஆனால் இன்றைக்கு உலகத்தில் ஹெவிவெயிட்டில் யார் பெரியவன், அவன் உயரம் என்ன, கை நீளம் என்ன, எந்தப் பக்கம் சாய்ந்து குத்துவான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எல்லாம் ஒரு டாக்டர் செய்த வேலை.

என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் குத்துச்சண்டைக்காரர். அறுபதைத் தாண்டியதும் மறதி வந்தது. சாவி, மூக்குக்கண்ணாடி என்று ஆரம்பித்தது. பிறகு ஒருநாள், புதுச்சேரியில் நாங்கள் குடியிருக்கும் சாரம் பகுதியில், எங்கள் சொந்தத் தெருவையே தாண்டிப் போய், யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இன்று என்ன கிழமை என்று டாக்டர் கேட்டார். தெரியவில்லை. என்ன மாசம் என்றார். இவர் என் முகத்தைப் பார்த்தார், பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்க்கிற மாதிரி. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அதெல்லாம் நல்லா இருக்கும்போதே அவருக்குத் தெரியாது சார். பாக்சிங் கேளுங்க" என்றேன்.

டாக்டர் சிரித்துவிட்டு, இப்போதைய ஹெவிவெயிட் சாம்பியனைக் கொண்டுபோய் அந்தக் கறுப்பு வெள்ளைப் படக் காலத்து ரிங்கில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டார். சும்மா கேட்டதுதான். இவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பத்து ரவுண்டு தாங்குவான் சார். அதுக்கு மேல மூச்சு இருக்காது. அப்பல்லாம் பதினஞ்சு ரவுண்டு. கிளவுசு இம்மாந்தான் இருக்கும். இவனுக்குச் சமைக்க ஒருத்தன், கால் அமுக்க ஒருத்தன், ஐஸ் தண்ணில உக்கார வைக்க ஒருத்தன். அங்க போனா ரயில்ல உக்காந்தபடியே தூங்கிட்டு, கெடச்சதத் தின்னுட்டு ரிங்குல ஏறணும். பாவம் சார், இந்தப் புள்ள அழுதுடுவான்."

வெளியே ஆட்கள் காத்துக்கிடக்க, டாக்டர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்தப் பேச்ச விட்டுடாதீங்கம்மா. தினம் எதிர்த்துப் பேசுங்க. அவர் மிச்சம் இருக்கிறது அங்கதான்" என்றார்.

எத்தனை தடவை அடிபட்டு விழுந்திருக்கிறார் என்றும் கேட்டார். ஒரு தடவைகூட இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "விழுந்திருந்தா நிறுத்தியிருப்பாங்கம்மா" என்றார்.

அதன் அர்த்தம் பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் குத்துச்சண்டை கற்றார்கள். எல்லோரும் ஒடிசல். இவர் ஒருவர்தான் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள். இவர் எடைக்குப் புதுச்சேரியில் ஜோடியே கிடையாது. போட்டி என்று வந்தால், பாதி நேரம் எதிராளி இல்லாமலே கையைத் தூக்கிவிட்டு மெடலை மாட்டி அனுப்புவார்கள். பயிற்சிக்கு மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எடை குறைந்த இரண்டு பேரை மாற்றி மாற்றி இவர்மேல் ஏவிவிடுவார். ஒருவன் களைத்தால் அடுத்தவன் வருவான். இவர் மட்டும் களைக்கக் கூடாது. திருப்பி ஓங்கிக் குத்தவும் கூடாது, குத்தினால் அந்தப் பையன்கள் எழுந்திருக்க மாட்டார்கள். நின்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மில் ஆட்கள் இதைப் பார்க்கவே வருவார்கள். "மலைடா அது" என்பார்கள். மண்டையில் விழுகிற ஒவ்வொரு குத்துக்கும் விசில். இவரும் பல்லைக் காட்டிச் சிரிப்பார். கல்யாணமான புதிதில் நானும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். நிறுத்தச் சொல்லிக் கத்தலாம் போலிருந்தது. ஊரே கொண்டாடும்போது புதுப் பெண் என்ன பேச முடியும்? அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. மாஸ்டர் இவருக்கென்று வீட்டிலிருந்து முட்டை வேகவைத்துக் கொண்டுவருவார். குத்தின பையன்கள்தான் எங்கள் கல்யாணத்தில் பந்தி பரிமாறினார்கள். மலைக்குள்ளே ஒரு மூளை இருக்கிறது என்பது அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார்மேல் எரிந்து விழுவது என்றுதான் தெரியவில்லை.

ஆக, நான் எதிர்க்கட்சி ஆனேன். சேதராப்பட்டில் ஒரு தையல் கம்பெனியில் எனக்கு வேலை. கம்பெனி வேனில் போகும்போதும் வரும்போதும் செல்போனில் சண்டைகளாகப் பார்ப்பேன். பக்கத்தில் உட்காரும் பெண்களுக்கு ஒரே கேலி. "என்னாக்கா, வூட்டுக்காரர அடிக்கக் கத்துக்கிறியா?" என்பார்கள்.

"ஆமாண்டி, தெனம் அடிக்கலேன்னா மனுசன் படுத்துடுவாரு" என்பேன். அவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வரும்.

சாயங்காலம் டீயைக் கையில் கொடுத்ததும் ஆரம்பித்துவிடுவேன். "உங்க அந்தக் காலத்து ஆளுங்கல்லாம் எலிக்குஞ்சு. இன்னிக்கு இருக்கறவன் மேல சாஞ்சாலே போய்ச் சேந்துடுவாங்க."

"உனக்கு என்னாடி தெரியும்? சாயறதுக்கு ஆளு ஒரு எடத்துல நிக்கணும்ல?"

"ஒரே ஒரு குத்து பட்டா?"

"படணும்ல!"

எழுந்து நின்றுவிடுவார். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் குனிந்து, விலகி, அந்தக் காலத்து ஆள் எப்படி நழுவுவான் என்று காட்டுவார். டீ ஆறிப்போகும். அந்த உடம்பு அவ்வளவு லேசாக நகரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் இவ்வளவு பேசியதே இல்லை. அவர் வேலை பார்த்த மில் மூடிய பிறகு ஒயிட் டவுனில் ஒரு ஓட்டல் வாசலில் காவலுக்கு நின்றார். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, தூக்கம். இந்த நோய் வந்துதான் எனக்கு ஒரு புருஷன் கிடைத்தான்.

அதையும் கடவுள் ரொம்ப நாள் விட்டுவைக்கவில்லை. முதலில் அந்த ரயில் பேச்சு காணாமல் போனது. நானே எடுத்துக் கொடுத்தாலும், "எந்த ரயிலு?" என்றார். பிறகு பெயர்கள் போயின. ஒருநாள் பாதிப் பேச்சில் என் பக்கத்துக்குத் தாவி, இந்தக் காலத்துக்காரன்தான் ஜெயிப்பான் என்று அடித்துப் பேசினார். நான் உடனே அவருடைய பழைய பக்கத்துக்குத் தாவினேன். சண்டை நடந்தால் போதும், யார் எந்தப் பக்கம் என்று பார்க்கிற நிலையில் நான் இல்லை. இன்னொரு நாள் செல்போனில் ஓடிய சண்டையைக் காட்டி, "இதுல நான் எவன்?" என்று கேட்டார். வாய்க்கு வந்த ஒருவனைக் காட்டினேன்.

போன ஆடியில், வீராம்பட்டினம் தேர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்னால் பல நாளாக அவரிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. எலிக்குஞ்சு என்று திட்டிப் பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பிடிவாதம் வந்தது. கட்டிலில் அவர் எதிரே உட்கார்ந்து, வர்ணனை சொல்கிறவர்களைப் போல நானே சண்டையை நடத்த ஆரம்பித்தேன். இந்தக் காலத்துச் சாம்பியனைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் காலத்து வெட்டவெளி ரிங்கில், உச்சி வெயிலில் நிறுத்தினேன். முதல் மூன்று ரவுண்டு அவனை ஜெயிக்க வைத்தேன். அவர் கண் மெல்லத் திரும்பி என்மேல் வந்து நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த மாதிரியே அவனைக் களைக்க வைத்தேன். கை இறங்கிவிட்டது என்றேன். விலாவில் ஒன்று, காதோரம் ஒன்று, திரும்பவும் காதோரம் ஒன்று என்றேன். ஆனாலும் நிற்கிறான், பதினொன்றாவது ரவுண்டு என்றேன்.

என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"போதும். நிறுத்தச் சொல்லு."

பேசிவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் நான் என்ன சொல்கிறேன் என்றே யோசிக்கவில்லை. அவரைச் சீண்டினால் இன்னும் ரெண்டு வார்த்தை வருமே என்றிருந்தது. "அந்தக் காலத்துல யாருங்க நிறுத்துவாங்க? இன்னும் நாலு ரவுண்டு பாக்கி கெடக்கு" என்றேன்.

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. "அவனுக்கு வுழத் தெரியாதுடி" என்றார். "அவங்க சிரிக்கிறாங்க. நீயாவது சொல்லேன்."

அவர் தலையை இழுத்து என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். "மணி அடிச்சாச்சு, எல்லாரும் போய்ட்டாங்க, எல்லாரும் போய்ட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் என் மணிக்கட்டை விட வெகுநேரம் ஆனது.

அதற்குப் பிறகு வீட்டில் குத்துச்சண்டைப் பேச்சு இல்லை. பேச்சை விட்டுவிடாதீர்கள் என்று டாக்டர் இப்போதும் சொல்கிறார். சரி என்று தலையாட்டிவிட்டு அழைத்துவருகிறேன். அந்தப் பேச்சில்தான் அவர் இருக்கிறார், அது எனக்குத் தெரியும். அங்கே அவரை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். சாயங்காலம் டீ போட்டுக் கொடுக்கிறேன், குடிக்கிறார், ரெண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்.