லாரிக்கு அடியில் தூவிய மாவு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பெற்றவர்களும் கட்டிக்கொண்டவளும் ஒருமனதாகச் சொன்ன குறை அது. அப்படிப்பட்ட என்னை, நாலு பேர் முன்னிலையில் எண்ணெய்த் திருடன் என்கிற மாதிரி ஒருவர் பேசியபோது, அவர் சட்டையைப் பிடிக்காமல் நின்றேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்புதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பினாங்கில் ஒரு மளிகைக் கடைக்குச் சின்ன லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி தமிழ் முஸ்லிம். பருத்த உடம்பு, வெள்ளைக் கைலி, வெள்ளைச் சட்டை, அதில் ஒரு கறை பட்டால்கூட மாற்றிவிட்டு வரும் சுத்தம். காலையில் அரிசி, மாவு, கருவாடு ஏற்றிக்கொண்டு ஆயர் ஈத்தாம் வழியாக மலை ஏறி இறங்கி, பாலிக் புலாவ் கடைகளில் போடுவேன். திரும்பும்போது சாதிக்காய், கிராம்பு, தேங்காயெண்ணெய் டின்கள். லாரி புதிதல்ல. பின்பக்கம் மரப்பலகை கட்டியது. மழை நாளில் இஞ்சினைக் கிளப்பக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால் தோள்பட்டை கழன்றுவிடும். ஆனாலும் நான் அதைத் துடைக்கிற துடைப்பைப் பார்த்து, “அது ஒங்க மூத்த தாரம்” என்பாள் என் மனைவி.

அந்த ஆண்டு ஆயுத பூசையை ஒரு கை பார்த்துவிடுவது என்று இருந்தேன். மனைவி ஊரிலிருந்து வந்து சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது, வயிற்றில் தலைப்பிள்ளை. எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டுமே என்ற பயமும் பக்தியும் ஒன்றாகக் கலந்திருந்தன. லாரியைக் கழுவி, விளக்குகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டினேன். அதோடு விட்டேனா? பானட்டைத் திறந்து இஞ்சினுக்கும் வைத்தேன். இஞ்சின் எண்ணெய் ஊற்றும் குழாய்க்கு மேலே ஒரு மூடி உண்டு. வண்டி சாப்பிடும் வாய் அதுதானே என்று, அந்த மூடியைச் சுற்றி மஞ்சள் துணி கட்டி, அதன்மேல் சந்தனத்தைத் தாராளமாக அப்பினேன்.

பூசை முடிந்து ஒரு வாரம் இருக்கும். பாலிக் புலாவில் சரக்கு இறக்கும்போது லாரிக்குப் பின்பக்கம் தரையில் சொட்டுச் சொட்டாக ஈரம். தேங்காயெண்ணெய் டின் ஓட்டை என்று நினைத்தேன். ஆனால் டின்களை இன்னும் ஏற்றவே இல்லை. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். அன்று மத்தியானச் சோறு எனக்கு இறங்கவில்லை. அது இஞ்சின் எண்ணெய்.

முன்னால் இருக்கும் இஞ்சினின் எண்ணெய் பின்னால் எப்படிச் சொட்டும்? அடியில் படுத்துப் பார்த்தால் வண்டியின் வயிறு முழுக்கக் கறுப்பாக நனைந்திருந்தது. எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரியவே இல்லை. கடைக்குத் திரும்பி, கொட்டகையில் லாரியை விட்டு அடியில் பழைய காகிதம் விரித்து வைத்தேன். மறுநாள் காலையில் காகிதத்தில் இரண்டு புள்ளிதான். ஆனால் அளவு குச்சியை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் பாதிக்குக் கீழே போயிருந்தது.

தினமும் காலையில், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, கடை டின்னிலிருந்து எண்ணெய் எடுத்து ஊற்றினேன். முன்பு ஒரு மாதத்துக்கு மேல் வந்த டின் பத்து நாளில் காலியானது. நானும் என்னாலான வைத்தியம் செய்தேன்: வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த மூடிக்குப் புதுச் சந்தனம் வைத்து, முருகா, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒழுக ஒழுக என் பக்தியும் கூடிக்கொண்டே போனது.

ஜெலுத்தோங்கில், தவ்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் வண்டிப் பட்டறை இருந்தது. அவர் இஞ்சினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, புதிய கார்க் பேக்கிங் போட்டு மாட்டினார். அரைமணி நேரம் வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டுக் காட்டினார். ஒரு சொட்டு இல்லை. அவருக்குச் சந்தோஷம், எனக்கு அதைவிட. மறுநாள் மலை ஏறி இறங்கினால் பழைய குருடி கதவைத் திறடி.

கடையில் கணக்கு எழுதும் கிராணி ஒருவர் இருந்தார். சரக்கு எல்லாம் அவர் பொறுப்பு. கெட்டவர் இல்லை, வாய்தான் கத்தி. மூன்றாவது டின்னைக் கேட்டு நின்றபோது, கூலியாட்களுக்கு எல்லாம் கேட்கும்படி சொன்னார்.

“ஒழுகுது ஒழுகுதுங்கிற. கொட்டாயில ஒரு சொட்டு காணோம். பட்டறையிலயும் ஒழுகலயாம். ஜெலுத்தோங்ல எவன் டின்னுல ஒழுகுதோ, யாருக்குத் தெரியும்லா?”

சிரித்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது. கையை ஓங்காமல் நின்றதற்குக் காரணம் என் நல்ல குணம் அல்ல. நாங்கள் குடியிருந்த அறை கடைக்குப் பின்னால், முதலாளி கொடுத்தது. வேலை போனால் அறை போகும். ஏழு மாதக்காரியை எங்கே கூட்டிக்கொண்டு போவது? அதைவிட, எண்ணெய் திருடியவன் என்று பெயர் வந்துவிட்டால் இந்தத் தீவில் வேறு எவன் எனக்கு லாரி கொடுப்பான்? மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். என் மடியில் ஒன்றுமில்லை, பயம் மட்டும் வண்டி வண்டியாக இருந்தது.

அன்று மாலை முதலாளி கூப்பிட்டார். வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார் என்றே போய் நின்றேன்.

“நாளைக்கு வண்டியில நானும் வர்றேன்” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அவர் எனக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தபோது மடியில் ஒரு சின்னப் பை இருந்தது. கோதுமை மாவு.

“மாவு எதுக்கு மொதலாளி?”

“கடையில எலி எந்தப் பொந்துலேர்ந்து வருதுன்னு தெரியலன்னா என்ன செய்வோம்? தரையில மாவத் தூவி வைப்போம். காலையில காலு பதிஞ்சிருக்கும்ல.”

எனக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தால் யாரிடம் பேசுகிறோம் என்பது எனக்கு மறந்துபோகும்.

“அப்ப என்னய எலின்னு சொல்றீங்களா மொதலாளி?”

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எலி யாருன்னு தெரிஞ்சிருந்தா மாவு எதுக்குப்பா? நீ ஓட்டு.”

ஆயர் ஈத்தாமில், ஏற்றம் தொடங்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். அடியில் படுத்து மண்ணெண்ணெய்த் துணியால் இஞ்சினிலிருந்து பின் அச்சு வரைக்கும் துடைத்தேன். துடைத்து முடித்ததும் அவர் மாவை உள்ளங்கையில் வைத்து ஊதி ஊதிப் பூசச் சொல்லிக்கொடுத்தார். என் கறுப்பு லாரிக்கு வயிறு வெள்ளையானது. சரக்கோடு மெதுவாக மலை ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் இன்றைக்கென்று பார்த்து ஒழுகாமல் இருந்துவிடுமோ என்று பயந்தேன். ஒழுக வேண்டும் முருகா, நன்றாக ஒழுக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வண்டி ஓட்டியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மேட்டில் நிறுத்தினேன். “இஞ்சின அணைக்காத” என்று சொல்லிவிட்டு, முதலாளி கைலியைத் தூக்கிக் கட்டி, அந்த வெள்ளைச் சட்டையோடு சேற்றில் மல்லாந்து லாரிக்கு அடியில் நுழைந்தார். நான் பதறிப்போய், “நான் பாக்குறேன் மொதலாளி” என்றேன். “நீ சொன்னத நீயே பாத்து என்னப்பா பிரயோசனம்? நாந்தான் பாக்கணும்” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

பிறகு சொன்னார்:

“ஒழுகுதப்பா. இஞ்சினும் கியர்ப் பெட்டியும் சேர்ற எடத்துலேர்ந்து வருது. காத்து அடிச்சு மாவு மேல கோடு போட்டுக்கிட்டே பின்னால வரைக்கும் போயிருக்கு. நீ சொன்னது நெசம்தான்.”

வண்டியின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் நிறைந்துவிட்டது. நான் சொன்னதை நிசம் என்று சொல்ல ஒரு மனிதர் சேற்றில் படுத்திருந்தார்.

“எவ்வளவு கொறஞ்சிருக்கு பாரு, ஊத்தணுமா?” என்றார். பானட்டைத் திறந்து, எண்ணெய் ஊற்றும் குழாய் மூடியைத் துணியோடு பிடித்துத் தூக்கினேன். புஸ்ஸென்று சூடான காற்று உள்ளங்கையில் அறைந்தது. இத்தனை நாளும் குளிர்ந்த இஞ்சினில் திறந்தவனுக்கு இது புதிது.

“என்னப்பா செஞ்ச? சொட்டு நிக்குதே!” என்று அடியிலிருந்து கத்தினார்.

மூடியைத் திரும்பப் போட்டேன். சற்றுப் பொறுத்து, “மறுபடியும் வருது” என்றார். எடுத்தேன். “நிக்குது.”

கையிலிருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தேன். அதன் ஓரத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருப்பது எனக்குத் தெரியும். எதற்கு என்று தெரியாது. இஞ்சின் உள்ளே கட்டும் காற்று வெளியேறும் வழி அது. அந்த வழியெல்லாம் என் மஞ்சள் துணியும், பூசையன்று அப்பிய சந்தனமும், வெள்ளிக்கிழமைதோறும் அதன்மேல் ஏறிய சந்தனமும் சேர்ந்து எண்ணெயில் ஊறி ஓடாக இறுகி அடைத்திருந்தன. சரக்கோடு ஏறிச் சூடேறிய இஞ்சினில் வழி இல்லாத காற்று எண்ணெயைக் கீழே பிதுக்கித் தள்ளியிருக்கிறது; பட்டறையில் சும்மா ஓடியபோது அந்த அளவுக்குக் காற்று கட்டவில்லை. எலி நான்தான்.

“மேல என்னப்பா இருக்கு?”

“அழுக்கு மொதலாளி. அழுக்கு அடச்சிருக்கு.”

வாய் முந்திவிட்டது. திருடன் இல்லை என்று ஆன மறு நிமிடமே பொய்யன் ஆனேன். சுரண்டிப் புதரில் எறிந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அடைத்தது அழுக்கு, அதைக் கவனிக்காதவர் ஜெலுத்தோங் தவ்கே என்று போய்விடும். ஆனால் என்னைச் சுட்டது அந்தச் சொல்தான். முருகன் பேரைச் சொல்லி வைத்த சந்தனத்தை, என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள, அழுக்கு என்று சொல்லிவிட்டேன். எனக்காகச் சேற்றில் படுத்திருந்தவரிடம் சொன்னேன்.

அவர் வெளியே வந்து எழுந்து நிற்கும்வரை காத்திருந்தேன். முகத்தில் மாவு, சட்டையில் சேறு, நெற்றியில் ஒரு சொட்டு எண்ணெய்.

“அழுக்கு இல்ல மொதலாளி. சந்தனம். ஆயுத பூசைக்கு நான்தான் வெச்சேன். வெள்ளிக்கெழமையும் வெச்சேன். எல்லாம் என் கைதான். தவ்கே மேல தப்பு இல்ல.”

மூடியை வாங்கி ஓட்டைகளை உற்றுப் பார்த்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார். இன்னொரு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மட்கார்டின்மேல் விரித்தார். ஓட்டை ஓட்டையாகச் சுரண்டி, விழுந்த ஒவ்வொரு துணுக்கையும் அந்த வெள்ளைத் துணியில் சேர்த்தார். மஞ்சள் துணியையும் அவிழ்த்து மடித்து உள்ளே வைத்து, முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தார்.

“இத ரோட்டுல போட வேணாம். நாலு காலு மிதிக்கும். எங்க தர்காவுலயும் சந்தனம்தான்ப்பா பூசுறோம்.”

அதற்குப் பிறகுதான் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, “ஏறு, சரக்கு காத்துக்கிட்டு கெடக்கு” என்றார். பாலிக் புலாவில் இறக்கி, தேங்காயெண்ணெய் ஏற்றி, அதே மலை மேல் திரும்பி வந்தோம். கொட்டகையில் படுத்துப் பார்த்தபோது புதிய கோடு எதுவும் விழவில்லை.

கடையில் எல்லாரும் அவர் சட்டையைத்தான் பார்த்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளப் போகவில்லை. அப்படியே நின்று கிராணியிடம் சொன்னார்: “எண்ணெய் ஒழுகித்தான் போயிருக்கு. படுத்து என் கண்ணால பாத்தேன். மூடியில ஓட்ட அடச்சிருந்துச்சு, எடுத்தாச்சு.” என்ன அடைத்திருந்தது, யார் அடைத்தது என்று ஒரு வார்த்தை இல்லை. கிராணி என் பக்கம் திரும்பி, “மனசுல வெச்சுக்காத தம்பி” என்றார். நான் வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஒரு மாதம் வைத்துக்கொண்டேன்.

ஜெலுத்தோங் தவ்கேயிடம் நானாகப் போய் உண்மையைச் சொன்னேன். வண்டிக்கும் மூச்சு விட வேண்டாமா என்று மலாயில் கேட்டு, தொடையில் தட்டிச் சிரித்தார். பட்டறையில் இருந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. வீட்டில் மனைவி கைக்குட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, சாமி மாடத்தில் படத்துக்குக் கீழே வைத்தாள். பல நாள் அந்த மாடம் சந்தனமும் இஞ்சின் எண்ணெயும் கலந்து மணத்தது. தை பிறந்து சில நாளில் மகள் பிறந்தாள், அதே அறையில்.

அடுத்த ஆயுத பூசை வந்தது. லாரியைக் கழுவி வைத்திருந்தேன். பானட்டைத் திறக்கவில்லை, இந்தத் தடவை வெளியே மட்டும் போதும் என்று முடிவு செய்திருந்தேன். மகளைத் தூக்கிக்கொண்டு மனைவி பக்கத்தில் நின்றாள். முதலாளி கடைக்குள்ளிருந்து வந்தார். கையில் கடைச் சரக்கிலிருந்து ஒரு சந்தனக் கட்டை. அதை என் மனைவியிடம் கொடுத்து, அவள் இழைத்து முடித்ததும் தானே பானட்டைத் தூக்கிப் பிடித்தார்.

“எல்லாத்துக்கும் வெச்சுட்டு இதுக்கு மட்டும் வெக்காம விட்டா நல்லாவா இருக்கு? வையி. ஓட்டய விட்டுட்டு வையி.”

அந்த மூடியின் நடுவில் ஒரே ஒரு பொட்டு வைத்தேன்.