மூன்று வைத்தியர்கள்

மாவுக்கட்டுக்கு ஒரு வாசனை உண்டு. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் மழைச்சாரல் பட்டால் எழுமே, அதைப்போல. செவ்வாய்ப்பேட்டையில் மெஹருன் அக்காவின் மாடியறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுவது அந்த வாசனைதான். மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கும்போது படியில் சறுக்கி விழுந்து, வலது காலில் தொடைவரை கட்டுப் போட்டுக்கொண்டு, அந்தக் கோடை முழுவதும் அவள் கட்டிலிலேயே கிடந்தாள். கட்டுக்குள் அரிப்பெடுத்தால் விசிறிக்காம்பை உள்ளே விட்டுச் சொறிந்துகொள்வாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பதினோரு வயதுப் பெண்ணான நான், நாமக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து முழுப்பரீட்சை லீவுக்கு மாமா வீட்டுக்கு வந்திருந்தேன். மாமா மகன் குமரேசனுக்கும் என் வயதுதான். அடுத்த வீட்டு மெஹருன் அக்கா அப்போதுதான் பிளஸ் டூ எழுதி முடித்திருந்தாள். அவளுடைய அத்தாவுக்கு, அப்பாவை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், கடைவீதியில் ஜவுளிக்கடை. தங்கை ஜமீலாவுக்குப் பத்து வயது. கேட்ட கேள்விக்கே பதில் சொல்லத் தயங்குகிறவள்.

படுத்துக் கிடந்தபடியே அக்கா ஒரு விளையாட்டை உண்டாக்கினாள். கடையிலிருந்து வந்த சேலைப்பெட்டி அட்டைகளை ஊசிநூலால் ஒன்றாகத் தைத்து, அதன்மேல் கலர் பென்சிலால் ஆறும் காடும் கொல்லிமலையும் வரைந்தாள். அடிவாரத்து ஊரில் விஷக்காய்ச்சல். மலையுச்சியில் இருக்கும் மூலிகையை நாங்கள் கொண்டுவர வேண்டும். வழியில் என்ன எதிர்ப்படுகிறது என்பதை அக்கா சொல்வாள், நாங்கள் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லித் தாயக்கட்டையை உருட்டுவோம். நல்ல எண் விழுந்தால் நினைத்தது நடக்கும். எங்கள் ஊர்க் களத்துமேட்டில் நின்று தினமும் நான் பார்க்கிற மலைதான் அது. ஆனால் அக்கா சொல்லச் சொல்ல, அதற்குள் இத்தனை இருட்டும் அருவியும் குகையும் இருக்கிறதா என்று வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆளுக்கொரு "வேசம்" எடுக்க வேண்டும் என்று அவள் மூன்று சீட்டுகள் எழுதியிருந்தாள்: வீரன், ஒற்றன், வைத்தியர். ஒவ்வொன்றின் அடியிலும் அவரவர் திறமை. வைத்தியர் சீட்டில், செத்தவரை ஒரே ஒருமுறை எழுப்பலாம் என்று இருந்தது. அதைப் படித்த மாத்திரத்தில் மூன்று பேரும் அந்தச் சீட்டின்மேல் விழுந்தோம்.

"செத்தவங்கள எழுப்பலாம்னா அப்பறம் வாளு எதுக்குங்க்கா?" என்றான் குமரேசன். இழுத்த இழுப்பில் சீட்டு மூன்றாகக் கிழிந்து ஆளுக்கொரு துண்டு கையில் வந்தது. அக்கா கட்டுக்கால் அதிரச் சிரித்தாள். "சரி, மூணு பேருமே வைத்தியரா இருங்க. புலி வந்தா கஷாயம் குடுங்க."

இப்படித்தான் கத்தியில்லாமல் காட்டுக்குள் போனோம். வேடம்தான் ஒன்று, ஆட்கள் ஒன்றில்லை என்பது ஓரிரு நாளில் தெரிந்துவிட்டது. குமரேசன் எதிர்ப்பட்டவரையெல்லாம் பிடித்து உட்காரவைத்து மருந்தூட்டினான். பயந்தாங்கொள்ளியான நான் எதையும் நூறு கேள்வி கேட்டுவிட்டுத்தான் தொட்டேன். ஜமீலா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏஞ்சாமி, வெயிலுக்கு ஊட்டுல படுக்காம அங்க என்ன வேலை ரெண்டு பேருக்கும்?" என்று அத்தை தினமும் கேட்பாள். என்ன வேலை என்று எப்படிச் சொல்வது?

நான்காம் நாள் மத்தியானம் பாதிமலையில் ஒரு கொள்ளைக்காரன் வாளோடு வழிமறித்தான். மயக்கமருந்தைச் சோற்றில் கலந்து தருவதாகச் சொல்லிக் குமரேசன் உருட்டினான், விழவில்லை. சுற்றுவழியில் போகிறேன் என்று நான் உருட்டினேன், அதுவும் விழவில்லை. "அவ்வளவுதான், வாளை ஓங்கறான்" என்று அக்கா கையை உயர்த்தினாள்.

ஜமீலா கட்டையைத் தொடவேயில்லை. "நான் வைத்தியருதானே" என்று முணுமுணுத்துவிட்டு, கொள்ளைக்காரனைப் பார்ப்பதுபோல அக்காவின் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு எங்கங்க வலிக்குது?" என்று கேட்டாள்.

உயர்த்திய கை அப்படியே நின்றது. "கால்ல" என்றாள் அக்கா, கொள்ளைக்காரனின் கரகரத்த குரலில். அடுத்த வார்த்தையில் அந்தக் குரல் உடைந்துவிட்டது. "கால்வலி கூடப் பரவால்லடி. கட்டப் பிரிச்சாலும் தாங்கித் தாங்கித்தான் நடப்பேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்தக் காலோட பஸ் ஏறி எறங்கி காலேஜுக்குப் போக வேண்டாம், வீட்டுலயே இருன்னு அத்தா சொல்லிட்டாங்க."

பெரியவள் ஒருத்தி எங்கள் முன்னால் அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றைச் செய்தோம், வைத்தியம் பார்த்தோம். "ஏறத்தான் கஷ்டமாங்க்கா, எறங்கவுமா?" என்று நான் கேட்டேன். "படியில கை குடுக்க ஒரு ஆளு வேணும்" என்று குமரேசன் கண்டுபிடித்தான். ஜமீலா எழுந்து கீழே இறங்கிப் போய்விட்டாள்.

கீழே அத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குமரேசனும் நானும் மாடிப்படியில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டோம். "அத்தா, ஆறாவதுக்கு நான் காலேஜுக்குப் பக்கத்துல இருக்கற ஸ்கூல்ல சேந்துக்கறேன். அக்காவும் நானும் ஒரே பஸ்ல போயிட்டு வந்தர்றோம். ஏற எறங்க நான் புடிச்சுக்கறேன்." ஜமீலா ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசியதை அந்த வீடு அன்றுதான் கேட்டிருக்கும். தட்டை நகர்த்திவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அத்தா, "மொதல்ல கட்டப் பிரிக்கட்டும், பாப்போம்" என்றார்.

அக்காவின் பரீட்சை முடிவு வந்த வாரம், கடையிலிருந்து திரும்பிய அத்தா மாடிக்கே வந்தார். கட்டில்மேல் விரித்திருந்த அட்டையை உற்றுப் பார்த்து, "இது எந்த ஊரும்மா?" என்றார். "கொல்லிமலைங்கத்தா" என்றாள் அக்கா. அவர் சட்டைப்பையிலிருந்து கல்லூரி விண்ணப்பத்தை எடுத்து, மலையின்மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

பள்ளி திறந்து நான் ஊருக்கு வந்தபின் அக்காவிடமிருந்து இன்லேண்ட் லெட்டர் வந்தது. முதல் நாள் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி, அக்கா ஏறிவிட்டாள் என்று ஜமீலா தலையசைக்கும்வரை காத்திருந்தாராம். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மெஹருன் அக்கா பிறகு ஆத்தூரில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றாள். சில வருஷங்களுக்கு முன் ஜமீலா வீட்டுக் கல்யாணத்தில் பார்த்தபோது, அன்றைக்குக் கொள்ளைக்காரன் வாயில் உன் கதை எப்படி வந்தது என்று கேட்டேவிட்டேன். "கொள்ளைக்காரனுக்கு நான் யோசிச்சு வெச்சதெல்லாம் சண்டைதான்டி" என்றாள். "வீரன்னு ஒருத்தன் வருவான், வெட்டிக்குவாங்கன்னு. எங்க வலிக்குதுன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு நான் யோசிக்கவே இல்ல. அதான் உள்ள இருந்தது வாயில வந்துருச்சு."

அந்தச் செவ்வாய்ப்பேட்டை வீடு இப்போது இல்லை. இடித்துவிட்டு நான்கு மாடிக் கடைக்கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். அட்டைகள் என்ன ஆயின என்று எங்களில் யாருக்கும் நினைவில்லை. குமரேசனோ தான் வீரனாக விளையாடியதாகவே சாதிக்கிறான். போன மாதம் அந்தச் சந்து வழியாகப் போனபோது, மாடியறை இருந்த உயரத்தை அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கியிருந்தார்கள். "என்னங்கம்மா வேணும்?" என்று கடைக்காரர் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.