தாலி கட்டும்போது நான் பந்தியில் இருந்தேன்

கல்யாணம் நடத்திக் கொடுக்கும் தொழிலில் இருப்பவளுக்குப் பார்க்கக் கிடைக்காத ஒரே விஷயம் கல்யாணம்தான். பாத்ரூம் பக்கெட்டில் ரோஜாவையும் சம்பங்கியையும் போட்டுவிட்டு, ஹாலில் கால் வைக்க இடமில்லாமல் தட்டுகளைத் தாண்டித் தாண்டிப் போய் காபி போடும் சகோதரிகளே, "உங்களுக்கென்ன, தினம் ஒரு விசேஷம், ஜாலிதான்" என்று யாராவது சொன்னால் உங்களுக்கும் பற்றிக்கொண்டு வருமில்லையா? எனக்கு அதைவிட ஒரு படி மேலே வரும். என் வீட்டுக்காரர் தவறி ஆறு வருஷம். தஞ்சாவூரில் எங்கள் வீட்டு ஹாலிலேயே இந்தத் தொழிலை ஆரம்பித்து நாலு வருஷம். தட்டு, மேடை, பூ, சாப்பாடு என்று அத்தனையும் ஏற்பாடு செய்து எத்தனையோ தாலிகட்டு நடத்திக் கொடுத்தேன். ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் சண்டை.

பந்தியில் பிரச்சனை

முதல் ஆர்டர் எதிர் வீட்டு அக்கா மகளின் கல்யாணம். "வீட்டுல சும்மாதானே இருக்கீங்க, நீங்களே செஞ்சு குடுங்களேன்" என்றுதான் கொடுத்தார். சும்மா இருந்த நான் மூன்று நாள் உட்காராமல் ஓடினேன். கல்யாணத்தன்று மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். ஐயர் தாலியைத் தட்டில் வைத்து எல்லாரிடமும் ஆசி வாங்க அனுப்பிவிட்டார். அந்த அக்கா வேகமாக வந்து என் கையைப் பிடித்தார். "பந்தியில ஏதோ பிரச்சனையாம். நீங்க போயி கொஞ்சம் பாத்துக்கங்களேன்."

நானும் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். ஓடிப் போய்ப் பார்த்தால் இலை போட்டாயிற்று, இனிப்பு வைத்தாயிற்று, எல்லாம் கச்சிதமாக இருக்கிறது. மேலே கெட்டிமேளம் கொட்டுகிறது. சமையல் மாஸ்டர் கரண்டியும் கையுமாக என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இங்க ஒரு பிரச்சனையும் இல்லியேக்கா. உங்கள யாரு கீழ அனுப்புனா?"

இருபத்தோரு தட்டு

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள். அடுத்தடுத்த கல்யாணங்களிலும் கெட்டிமேளத்துக்குச் சரியாக ஐந்து நிமிஷம் முன்னால் பந்தியில் பிரச்சனை வந்தபோதுதான் உறைத்தது. அது பந்தியின் பிரச்சனை இல்லை, என் நெற்றியின் பிரச்சனை.

ஒரு வளைகாப்புக்கு இருபத்தோரு தட்டு. வளையல், பழம், பூ, இனிப்பு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. என்னோடு வேலை செய்யும் ஸ்டெல்லாவும் நானும் இரண்டு நாள் இடுப்பொடியக் கட்டினோம். பெண்ணின் மாமியார் பார்த்து அசந்துபோய், "யாரு கட்டுனது?" என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "நான்தாங்க" என்றேன் பெருமையாக. அவ்வளவுதான். ஓரமாக ஒரு மாநாடு கூடியது. கடைசியில் தழையத் தழையத் தாலி போட்டிருந்த ஒரு அத்தையைக் கூட்டி வந்தார்கள். அந்தம்மா ஒவ்வொரு தட்டையும் ஒரு விரலால் தொட்டுக்கொண்டே போனார். இருபத்தோரு தட்டும் தொட்டாயிற்று.

அப்போ அந்தப் பெண் உட்காரப்போகும் நாற்காலி? அதைத் தூக்கிப் போட்டதும் நான்தானே. குங்குமச் சிமிழை நிரப்பியதும் நான்தானே. அதையெல்லாம் யார் தொட்டுச் சரி செய்வது? நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். விழுங்கியதற்காக இன்றைக்கும் என்மேல்தான் எனக்குக் கோபம். அந்த மாமியார் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "இப்ப சரியாப் போச்சு. நீங்க எதையும் மனசுல வச்சுக்காதீங்க, டிசைன் எல்லாம் சூப்பர்."

எங்களுக்கு ஒண்ணும் இல்லை

அடுத்தது ஸ்டெல்லா பிடித்து வந்த ஆர்டர். "எங்க ஆளுங்கக்கா. எங்கள்ல இதெல்லாம் பாக்க மாட்டாங்க. கோயில்லயே முன் பெஞ்சுல உக்காந்து பாருங்க" என்று அடித்துச் சொன்னாள். நம்பிப் புதுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். கோயில் வாசலில் பெண்ணின் அம்மா என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். "எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. மாப்பிள்ளை வீட்டுல தப்பா நெனச்சிரக் கூடாது பாருங்க. நீங்க முன்னாடி மண்டபத்துக்குப் போயி பந்தியப் பாத்துக்கங்க."

போனேன். போகாமல்? ஆனால் இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மண்டபத்துக்கு வந்து ஏற்பாடெல்லாம் பிரமாதம் என்று பாராட்டியபோது, "நான் கோயிலுக்குள்ள வந்தா உங்களுக்கு ஆகாதாமே?" என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். "எங்களுக்கு என்னம்மா இருக்கு? பொண்ணு வீட்டுலதான் அதெல்லாம் பாப்பாங்கன்னு நெனச்சோம்."

மாப்பிள்ளையின் அம்மா



ஒரத்தநாட்டுப் பக்கத்து மாப்பிள்ளை, கும்பகோணத்துப் பெண். பெண்ணின் அப்பாவுக்கு மனைவி உயிரோடு இல்லை. தாரை வார்த்துக் கொடுக்கச் சித்தப்பாவும் சித்தியும் உட்கார்ந்தார்கள். ஆனாலும் அப்பா பட்டுவேட்டியோடு மேடையில் மகளுக்குப் பக்கத்தில்தான் நின்றார். நிற்கட்டும், பெற்றவர் நிற்காமல் யார் நிற்பது? எனக்கு வழக்கம்போல உத்தரவு வந்தது, பந்திக்குப் போனேன். போனால், காலி இலைகளுக்கு முன்னால் ஒரு அம்மா தனியாக உட்கார்ந்திருக்கிறார். நல்ல பட்டுப்புடவை, வெறும் நெற்றி. பசியாக்கும் என்று நினைத்து, "அதுக்குள்ள வந்துட்டீங்க? தாலி கட்டப் போறாங்களே, பாக்கலியா?" என்றேன்.

அவர்தான் மாப்பிள்ளையின் அம்மா. குத்தகை நிலத்தில் பாடுபட்டு ஒற்றை ஆளாக அந்தப் பையனை வளர்த்தவர். மேலே மேளம் கொட்டியது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார், கூரையைப் பார்த்து. எனக்கு அழுகை வரவில்லை, அந்த மண்டபத்தையே கொளுத்திவிடலாம் போலிருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "என்னையும் பந்தியத்தாம்மா பாத்துக்கச் சொன்னாங்க."

முதல் வரி

மறுநாளே என் ஆர்டர் பேப்பரை மாற்றி அடித்தேன். முதல் வரி, கொட்டை எழுத்தில்: "தாலி கட்டும் நேரத்தில் நானும், இரு வீட்டிலும் உள்ள தாய்மாரும் மேடைக்குப் பக்கத்தில் நிற்போம். சம்மதமானால் மட்டும் கையெழுத்திடவும்." ஸ்டெல்லா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் பயந்ததும் சரிதான். இரண்டு குடும்பம் பேப்பரைப் படித்துவிட்டு, வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். ஒரு அம்மா மட்டும் மனசு கேட்காமல் போன் செய்து சொன்னார்: "அந்த ஒரு வரிய மட்டும் அடிச்சிட்டீங்கன்னா உங்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்கு."

கையெழுத்து

அடுத்து வந்தவர் திருவையாற்றுப் பக்கத்து விவசாயி. மகளுக்கு ஆவணியில் கல்யாணம். அவர் வந்ததோ ஆனியில், குறுவை நடவு நேரம். பைக்கை நிறுத்தாமலே பேப்பரைக் கேட்டார். "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கய்யா" என்றேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை சொன்னேன். "நடவாளு வந்து வரப்புல நிக்குதும்மா" என்று பெட்ரோல் டேங்க் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பறந்தார்.

கல்யாணத்தன்று அவருடைய அக்கா, வீட்டுக்குப் பெரியவர், கெட்டிமேளத்துக்குச் சரியாக அதே ஐந்து நிமிஷம் முன்னால் வந்தார். "நீங்க பந்தியக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்ததுமே பையிலிருந்து பேப்பரை எடுத்துவிட்டேன். "இங்கதான் நிப்பேங்க. எழுதி வாங்கியிருக்கேன்." குரல் எனக்கே தெரியாமல் ஓங்கிவிட்டது. முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஸ்டெல்லா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். இந்த ஒரு தடவை நகர்ந்தால் இனி ஆயுசுக்கும் பந்திதான் என்று எனக்குத் தெரியும். நகரவில்லை.

மேடையிலிருந்து பெண்ணின் அப்பா இறங்கி வந்தார். பேப்பரை வாங்கி, அப்போதுதான் முதல் தடவையாக, எழுத்துக் கூட்டிப் படித்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். போச்சு என்று நினைத்தேன். கீழே இருந்த தன் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். பத்திரம், பட்டா, குத்தகை என்று போட்ட கையெழுத்துக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்த மனுஷன். "படிக்காமப் போட்டது என் தப்பு. போட்டது போட்டதுதான். நில்லும்மா" என்றார் என்னிடம். "அப்ப பந்திய யாரு பாக்கறது?" என்று அக்கா விடாமல் கேட்டார். அவர் மேடைக்கு ஏறிக்கொண்டே சொன்னார்: "அவ்வளவு அவசரம்னா நீ போயி பாருக்கா."

இப்படியாக, நாலு வருஷம் மல்லுக்கட்டி மேடைக்கு மூன்றடி தூரத்தில் நின்று நான் பார்த்த முதல் தாலிகட்டில் எனக்குத் தெரிந்தது வீடியோக்காரரின் முதுகு மட்டும்தான். பரவாயில்லை, மற்ற எல்லாருக்கும் தெரிந்ததும் அதுதான்.