சக்கையை வைத்துப் பார்த்து வாங்கிய வண்டி

என் தம்பிக்குத் தள்ளுவண்டி வாங்கப் போனபோது நாங்கள் தம்பியைக் கொண்டுபோகவில்லை. சக்கையைக் கொண்டுபோனோம். பலாவை எங்கள் பக்கம் சக்கை என்றுதான் சொல்வோம். பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகிற வழியில் உள்ள எங்கள் ஊரில் இந்தக் கதை தெரியாதவர்கள் இல்லை. என் கல்யாண வீட்டில்கூட யாரோ இதைச் சொல்லி மாப்பிள்ளை வீட்டாரைச் சிரிக்க வைத்தார்கள். ஆனால் அவர்கள் எல்லாரும் சொல்வது சக்கையின் கதை. எனக்குத் தெரிந்தது வேறு.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மை மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். தம்பியைப் பெற்றெடுக்க வந்தவளுக்கு லீவு முடிந்துவிட்டது. வியாழக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம் ஏற வேண்டும். தம்பிக்கு ஐந்து மாதம். அம்மை போவது எனக்குப் புதிதல்ல. எனக்கு மூன்று வயதாக இருக்கும்போதே போகத் தொடங்கியவள். அவள் போவதைவிட வரும்போது கொண்டுவருகிற பெட்டியைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

என்னை வளர்த்தது மாமி. அப்பாவின் அக்கா. மாமா இறந்த பிறகு அடுத்த விளைத் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தவள், அம்மை முதல்முறை போனபோது பாயும் தலையணையுமாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். தம்பியையும் அவள்தான் வளர்க்கப் போகிறாள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. மாமியின் இடது கால் முட்டு வீங்கிப்போய், நடக்கும்போது திடீரென்று மடங்கிவிடும். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால், அப்படியானால் பிள்ளையை யார் எடுப்பது என்ற கேள்வி வரும்.

ஒருநாள் மாமி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்துப் படியில் இறங்கியபோது முட்டு மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். மாமி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே உட்கார்ந்தவள்போல அவனுக்குக் காக்காயைக் காட்டினாள். அம்மை அடுக்களை ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் காலையில், “பிள்ளைக்கு ஒரு தள்ளுவண்டி வாங்கணும்” என்றாள்.

மாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“வண்டியில வச்சுத் தள்ளுதது வெறகும் சக்கையும் ஆக்கும். மனுசப் பிள்ளைய இடுப்புலதான் எடுக்கணும். எனக்க முட்டுக்கு ஒண்ணும் இல்ல, கேட்டியா?”

“முட்டப் பத்தி நான் ஒண்ணும் சொல்லேல மைனி” என்றாள் அம்மை. நாத்தனாரை அவள் மைனி என்றுதான் கூப்பிடுவாள்.

இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு மாமி இறங்கி வந்தாள். ஆனால் ஒரு நிபந்தனையோடு. கடையில் கிடக்கிற வண்டியில் ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் உட்கார்ந்து பார்த்திருக்கும். அந்தப் பிள்ளைகளுக்குச் சளியோ சுரமோ, யார் கண்ணோ. அதில் தன் பிள்ளையை வைக்க விடமாட்டாள். வண்டி வீட்டுக்கு வந்து, மஞ்சள் தண்ணீரில் துடைத்து, சபை உபதேசியார் ஜெபம் பண்ணிய பிறகுதான் தம்பி அதில் இருப்பான். மஞ்சளும் ஜெபமும் சேர்ந்து வருவதில் மாமிக்கு ஒரு குழப்பமும் இல்லை.

அப்பா பாறசாலை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். பாரம் ஏற்றிப் பார்க்காமல் எந்த வண்டியையும் வாங்கக்கூடாது என்பது அவருடைய தொழில் தர்மம். பிள்ளையை வைக்கக்கூடாது என்றால் பிள்ளையின் தூக்கத்துக்கு வேறு ஏதாவது வேண்டும். தூக்கம் என்றால் எங்களுக்கு எடை. அங்கன்வாடியில் போட்டுப் பார்த்ததில் தம்பி ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தான். அப்பா பிலா மரத்தில் ஏறி மூன்று சக்கைகளை வெட்டி இறக்கி, சந்திப்பில் ரப்பர் ஷீட் எடுக்கிற கடைக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகத் தராசில் தொங்கவிட்டார். மூன்றாவது சக்கை அச்சு அசல் தம்பியாக இருந்தது. முள் குத்தி வண்டியின் துணி கிழியக்கூடாது, காம்பில் வடிகிற பிசின் ஒட்டக்கூடாது என்று அம்மை அதை ஒரு பழைய துவர்த்தில், குளிக்கிற துண்டில், பொதிந்தாள். சும்மா இருக்க முடியாமல் நான் தம்பியின் கம்பளித் தொப்பியை எடுத்து அதற்கு மாட்டிவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் அப்பாவின் ஆட்டோவில் நெய்யாற்றின்கரைக்குக் கிளம்பினோம். அம்மை தம்பியை விட்டு வெளியே போவது அதுதான் முதல்முறை. மாமி அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். மறுகை சுவரைப் பிடித்திருந்தது. வளைவு திரும்பும்வரை அம்மை தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கோ கடையைத் தவிர வேறு நினைப்பில்லை.

கடை மாடியில் இருந்தது. அப்பா சக்கையைத் தோளோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு படி ஏறினார். கடையில் நின்ற பெண் ஓடிவந்து, “வாவ உறக்கமாணோ?” என்று ஆசையாகக் கேட்டாள். பிள்ளை தூங்குகிறதா என்று கேட்கிறாள். அப்பா முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல், “உறக்கமல்ல, பழுத்திட்டில்ல” என்றார். தூக்கமில்லை, இன்னும் பழுக்கவில்லை. அவள் தொப்பியை மெதுவாக விலக்கிப் பார்த்துவிட்டு “அய்யோ, சக்க!” என்று அலறியதில் கீழே பாத்திரக் கடையில் இருந்தவர்களும் ஏறி வந்துவிட்டார்கள். ஊரில் இன்றும் ஓடுகிற கதை இதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்வதில்லை.

கடையில் ஏழெட்டு வண்டிகள் நின்றன. நான் பார்த்தவுடனே ஒன்றை முடிவு செய்துவிட்டேன். சிவப்பு நிறம். முன்னால் ஒரு சின்ன ஸ்டியரிங், அதன் நடுவில் அமுக்கினால் கத்துகிற மஞ்சள் வாத்து. அப்படியொரு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் என் பின்னால்தான் வருவார்கள். தம்பி அதில் இருப்பான் என்பதுகூட எனக்கு இரண்டாம்பட்சம்.

அப்பா நீல நிறத்தில் மூன்று சக்கர வண்டி ஒன்றின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். அதற்குள் சக்கையை ஏற்றி, முன்னும் பின்னும் உருட்டி, பிரேக் போட்டு, தலையைத் தரையில் வைத்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். “மூணு வீலுதான் ஒடிச்சுத் திருப்பக் கொள்ளாம்” என்றார். கொள்ளாம் என்றால் நல்லது. பிழைப்பு தந்த மூன்று சக்கரத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வராது.

அம்மை ஒவ்வொரு வண்டியாகச் சக்கையை மாற்றி மாற்றி வைத்துத் தள்ளிப் பார்த்தாள். சிவப்பு வண்டியைத் தள்ளினாள். சக்கையின் முதுகுதான் தெரிந்தது. நீல வண்டியிலும் அப்படியே. கடைசியில் சுவரோரமாக நின்ற ஒன்றுக்குப் போனாள். சாம்பல் நிறம். வாத்து இல்லை, பூ இல்லை, ஒன்றுமே இல்லை. அதில் மட்டும் இருக்கை மறுபக்கம் திரும்பியிருந்தது. பிள்ளை ரோட்டைப் பார்க்காமல், தள்ளுகிறவரைப் பார்த்துக்கொண்டு இருக்கும். அம்மை சக்கையை அதில் வைத்தாள். தொப்பியைச் சரிசெய்தாள். பிடியைப் பிடித்துக்கொண்டு, தள்ளாமல், அந்தச் சக்கையையே பார்த்தபடி நின்றாள். பழுத்திருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

“இது மதி” என்றாள். இது போதும் என்று.

“எடீ, இதுல இருந்தா பிள்ளைக்கு ரோடு தெரியாது” என்றார் அப்பா. “வண்டியில போறவன் முன்னால பாத்துல்லா இருக்கணும்.”

“அவனுக்கு ரோடு வேண்டாம்.”

“பின்ன என்ன வேணும்?”

அம்மை பிடியை விட்டு விலகி நின்றாள். என்னைக் கூப்பிட்டாள். “மக்கா, நீ இதத் தள்ளு. குனிஞ்சு அவன்கிட்ட என்னமாவது பேசு.”

சிவப்பு வண்டி கைவிட்டுப் போகிற ஆத்திரத்தில் நான் சக்கையிடம் குனிந்து, “எலே, உனக்கு நல்ல வண்டிக்கு பாக்கியம் இல்ல கேட்டியா?” என்றேன். கடைக்காரப் பெண் சிரித்தாள். அம்மையும் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நீல வண்டியை அதன் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமி வாசலிலேயே வெற்றிச் செய்தி சொன்னாள். “ஒரு பொட்டு அழுகை இல்ல. உன்னத் தேடவே இல்ல பிள்ள!” அம்மை “கொள்ளாம் மைனி” என்று சொல்லிவிட்டுத் தம்பியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பால் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். பால் கொடுக்கக் கதவைச் சாத்துகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்பது அப்போது தோன்றவில்லை.

அம்மை போன பிறகு ஒரு மாதம் மாமி அந்த வண்டியைத் தொடவில்லை. மழை தொடங்கி முட்டு அதிகமாக வலித்தபோது, ஒருநாள் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து முற்றத்தில் மெதுவாகத் தள்ளிப் பார்த்தாள். தள்ளுவதைவிட, பிடியைப் பிடித்துக்கொண்டு நடக்க அவளுக்கு வசதியாக இருந்தது. அப்பா படியின் ஓரத்தில் சிமென்ட் போட்டுச் சரிவு கட்டினார். பிறகு தினமும் சாயங்காலம் மாமி சபை வரைக்கும் தம்பியைத் தள்ளிக்கொண்டு போவாள். முகத்துக்கு நேரே ஒரு முகம் இருந்தால் மாமியால் பேசாமல் இருக்க முடியாது. ஊர்க்கதை முழுவதையும் அவனிடம் சொன்னாள். பள்ளிவிட்டு வந்து நான் தள்ளும்போது என் வாய்ப்பாடு எல்லாம் அவனுக்குத்தான். அவன் வாயைத் திறந்துகொண்டு எங்களையே பார்த்திருப்பான். வீட்டில் அழுகைச் சத்தம் குறைவு என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு அம்மை வந்தாள். விமான நிலைய வாசலில் அவள் கையை நீட்டியதும் தம்பி மாமியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மாமிக்கு அவமானமாகிவிட்டது. “எலே, உனக்க அம்மையாக்கும்லே! போலே!” என்று அவனைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுக்கப் பார்த்து, கடைசியில் அவளே அழுதுவிட்டாள்.

“விடுங்க மைனி” என்றாள் அம்மை. “அழாம வளந்திருக்கான்லா. அது மதி.”

மறுநாள் காலையில் அம்மை மூலையில் கிடந்த வண்டியைத் துடைத்து, கால் வெளியே தொங்க அவனை அதில் உட்காரவைத்து, முற்றத்தைச் சுற்றிச் சுற்றித் தள்ளினாள். முதல்நாள் அவன் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தான். நான்காம் நாள் அம்மையின் மூக்கைப் பிடித்தான். மாமி அடுக்களையிலிருந்து பார்த்துவிட்டு, “ஏறிட்டான், இனி இறங்க மாட்டான்” என்றாள்.

அம்மை இப்போது வீட்டோடு இருக்கிறாள். தம்பி அவளைவிட ஒரு முழம் உயரம். பைக் சாவிக்காக இரண்டு பேருக்கும் தினமும் சண்டை. மாமி கட்டிலில் இருந்தபடியே தீர்ப்புச் சொல்கிறாள், எப்போதும் தம்பி பக்கம். வண்டி இன்னும் இருக்கிறது. மாமி அன்று சொன்னபடியே அதில் விறகும் சக்கையும்தான் போகின்றன.

அந்தச் சாம்பல் வண்டி ஏன் என்று எனக்குப் புரிந்தது என் மகளுக்கு ஒரு தள்ளுவண்டி தேட உட்கார்ந்தபோதுதான். தான் இல்லாத நாளெல்லாம் அவன் முன்னால் ஒரு முகம் இருக்க வேண்டும் என்று அம்மை நினைத்திருக்கிறாள். அந்த முகம் பழகினால் தன் முகம் மறக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். என் விஷயத்தில் ஒருமுறை பார்த்தவள்தானே. தெரிந்தேதான் “இது மதி” என்றாள்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. நெய்யாற்றின்கரையிலிருந்து திரும்பும்போது மடக்கிய வண்டி அப்பாவின் சீட்டுக்குப் பின்னால் நின்றது; சக்கையை அம்மை மடியில் வைத்திருந்தாள். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. வாத்து போன துக்கம் பாதி வழியிலேயே எனக்கு ஆறி, பசி வந்துவிட்டது. இது எப்பம் பழுக்கும் என்று கேட்டேன். அம்மை துவர்த்தை விலக்கி விரலால் தட்டிப் பார்த்தாள்.

“நான் போன பொறவுதான் மக்கா.”

எனக்கு ஒரே சந்தோஷம். “அப்பம் அம்மைக்க பங்கும் எனக்குத்தானே?” என்றேன்.

“உனக்குத்தான்” என்றாள் அம்மை.