முதல் ஆரத்தி

அந்தத் தேர்தலின்போது எங்கள் கம்பத்துக் குடியிருப்புக்குத் தொகுதி உறுப்பினரான ஒய்பி ஓட்டுக் கேட்டு வரும் நாளில் ஆரத்தி எடுக்க என்னைத்தான் பிடித்தார்கள். கிள்ளானில் ரயில் பாதையை ஒட்டிய பலகை வீடுகள் எங்களுடையவை. அந்த நிலத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கிவிட்டதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

"நீதான் பாரம் ஃபைவ் வரைக்கும் படிச்சவ," என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "கிட்டக்க நிப்பே இல்ல, அப்ப கேட்டுடு. வீட்ட உடைப்பாங்களா, மாட்டாங்களா. வேற ஒண்ணும் வேணாம்."

"எனக்கு வாய் வராதுக்கா."

"புருஷன்கிட்ட மட்டும் வருது லா."

பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வியைச் சொல்லிப் பார்த்தேன். மரியாதை குறைவாகத் தோன்றும், மாற்றுவேன். மாற்றினால் கெஞ்சுவது போல் இருக்கும்.

ஒய்பி வரும் அன்று கொட்டகை போட்டார்கள். பிரியாணிப் பொட்டலங்களின் மேல் ஒய்பியின் படம் ஒட்டியிருந்தது. நாற்காலிகளை இறக்கிய லோரியின் கதவில் அந்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. படிக்கத் தெரிந்த நான் படித்தேன். கட்சிக்காரர்கள் லோரியை இரவல் வாங்கியிருப்பார்கள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஒய்பியோடு பூப்போட்ட பாத்தேக் சட்டை அணிந்த ஒருவரும் காரிலிருந்து இறங்கினார். நான் தட்டை ஒய்பியின் முகத்துக்கு நேராக உயர்த்தினேன். அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"கம்பெனி முதலாளிம்மா," என்று பாத்தேக் சட்டைக்காரரைக் காட்டினார். "அவருக்கு மொதல்ல எடு."

முதலாளிக்குச் சுற்றினேன். பொட்டு வைக்க அவர் குனியவில்லை. நான்தான் எக்கி வைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து, ஆரத்தித் தண்ணீர் படாமல் தட்டின் ஓரத்தில் வைத்தார். தட்டில் வைத்ததை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை.

"பிள்ளைக்கு பால்மாவு வாங்கிக்கம்மா," என்றார். அக்காவின் இடுப்பிலிருந்த என் மகன் அவரைப் பார்த்துச் சிரித்தான்.

"நன்றி சார்," என்றேன்.

பிறகுதான் ஒய்பிக்கு எடுத்தேன். அதற்குள் சூடம் அணைந்துவிட்டது. இருந்தும் கேட்டுவிட்டேன். "ஒய்பி, எங்க வீடுங்கள உடைப்பாங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. முதலாளியின் முகத்தைப் பார்த்தார். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எல்லாம் பேசிக்கலாம்மா," என்று சொல்லி ஒய்பி மேடைக்குப் போனார். முதலாளி உட்காரும்வரை நின்றுவிட்டு அதன்பிறகே உட்கார்ந்தார்.

அக்கா நெருங்கி வந்தார். "கேட்டியா?"

"கேட்டேன்."

"யாருகிட்ட கேட்டே?"

அவருடைய கண் தட்டிலிருந்த கவரின்மேல் இருந்தது. பிள்ளையை என்னிடம் நீட்டாமல் தன் பக்கமே வைத்துக்கொண்டார்.

ஆரத்தித் தண்ணீரைத் தெருமுனையில் கொட்ட வேண்டும். முனைக்குப் போனபோது, நேற்றுவரை இல்லாத, சிவப்புத் தலை வைத்த நில அளவுக் கட்டைகள் புல்லுக்குள் வரிசையாக அடிக்கப்பட்டிருந்தன. எல்லாருடைய வாசல்களும் அவை வளைத்த நிலத்துக்குள்ளேயே இருந்தன. தட்டைச் சாய்த்தால் கவரும் சேர்ந்து விழும். அக்கா அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கவரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரைக் கொட்டினேன்.