பக்கத்துக்கு ஐந்து துண்டுகள்

ஏரிப் படகுத்துறையில் என் அண்ணனுக்குப் பட்டப்பெயர் தையல்காரர். கயாக் என்ற ஒடுக்கமான துடுப்புப் படகை ஓட்டப் பழக வருகிறவர்களைத் தண்ணீரில் இறக்குமுன், இடுப்பை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு இருக்கையின் இரு பக்கமும் ஸ்பாஞ்ச் துண்டு வைத்து இறுக்குவார்.

“படகுல உக்காரலாம். கயாக்கைப் போட்டுக்கணும், சட்டை மாதிரி. லூசா இருந்தா நீ ஒரு பக்கம் சாய்வே, அது ஒரு பக்கம் போகும்.”

“அப்ப பட்டன் எங்க மாஸ்டர்?”

“உன் வாய்க்கு ஒண்ணு வெச்சிருக்கேன், போட்டுக்கோ.”

எதை ஒட்டினாலும் மார்க்கர் பேனாவால் அதன்மேல் தேதி எழுதிவிடுவார். அது அவர் பழக்கம்.

போன மாதம் அண்ணனைச் சேர்த்த ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: “ரொம்ப நாளா இளைச்சிட்டே வந்திருக்காரு. வீட்டுல யாருமே கவனிக்கலையா?”

அண்ணி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கவனிக்காமல் இல்லை. “ஏண்ணா, பேண்ட்டை நீ போட்டிருக்கியா, பேண்ட் உன்னைப் போட்டிருக்கா?” என்று ஒருநாள் கேட்டேன். “பெல்ட்டுக்கும் வேலை வேணும்ல” என்றார். வீடே சிரித்தது. அதோடு சரி.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பதினெட்டே நாளில் போய்விட்டார். தன் உடம்பைப் பற்றி அவருக்கு முன்பே தெரியுமா என்பதுதான் எனக்கு உறுத்தல். தெரியாது என்றால் கொஞ்சமாவது ஆறுதல்.

இன்று காலை துறையிலிருந்து கூப்பிட்டார்கள்; போனேன். அண்ணனிடம் ஓட்டப் பழகியவர்தான் இப்போது அவர் இடத்தில் இருக்கிறார். அண்ணன் ஓட்டிய மஞ்சள் கயாக்கைக் காட்டினார்.

“இடுப்பு நுழையலக்கா. உள்ள இருக்கிறதைப் பிச்சுடலாமா? உங்களைக் கேக்காம கை வைக்க மனசு வரல.”

“நானே எடுக்கிறேன்.”

பக்கத்துக்கு ஐந்து துண்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. மேலே இருந்தவை ஆஸ்பத்திரிக்குப் போன வாரத்தவை. உரிக்க உரிக்கத் தேதி பின்னால் போனது. அடியில் இருந்த ஜோடிக்குப் பதின்மூன்று மாதம். நான் பேண்ட்டைக் கிண்டல் செய்தது அதற்கு மூன்று மாதம் கழித்து.

தெரிந்துகொண்டேதான் எங்களோடு சிரித்திருக்கிறார்.

புதியவர் உள்ளே உட்கார்ந்து இரு பக்கமும் சாய்ந்து பார்த்தார். “இப்பக் கொஞ்சம் லூசா இருக்குக்கா. ஒரு ஜோடி மட்டும் வெச்சுக்கட்டுமா?”

அடியில் இருந்த ஜோடியைக் கொடுத்தேன். பசை தடவுமுன் பழைய தேதியை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, பக்கத்தில் இன்றைய தேதியை எழுதினார்.