எஸ்தர் "ஓடுங்கடி" என்று கத்திய காலை

எஸ்தர் இறந்தது ரேபிஸ் நோயால்தான் என்பது இப்போது உறுதியாகியிருக்கிறது. ஆதாரம், அவர் கடைசி நான்கு நாட்கள் கிடந்த சென்னை மருத்துவமனையின் மருத்துவக் குறிப்பு. அதன் நகலை அவருடைய மகள் ரூத் வியாழக்கிழமை காலை என் போனுக்கு அனுப்பினாள். மணவாள நகர் டீக்கடை ஒன்றின் வாசலில் நின்று, எழுத்துகளைப் பெரிதாக்கிப் படித்தேன். கடித்த மிருகம் எது என்ற கட்டத்தில் "தெரியவில்லை" என்று இருந்தது. கீழே ரூத் ஒரு வரி எழுதியிருந்தாள்: "இந்த வாட்டியாச்சும் சரியா எழுதுங்க சார்."

அவள் அப்படி எழுதியதற்குக் காரணம் உண்டு. எஸ்தரை எனக்குத் தெரியவந்ததே நான் தப்பாக எழுதிய ஒரு செய்தியால்தான்.

அவரை அறிந்த உங்களுக்கு இடம் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில், வண்டிகளுக்கு வயர் கட்டித்தரும் ஒரு கம்பெனி. முதல் ஷிப்டு காலை ஆறு மணிக்கு. பெண்களைக் கம்பெனி பஸ் மெயின்ரோட்டிலேயே இறக்கிவிட்டுவிடும். அங்கிருந்து ஏரிக்கரை வழியாக, இருபக்கமும் சீமைக்கருவேலம் மண்டிய பாதையில் இருபது நிமிட நடை. கம்பெனியின் பின்சுவரை ஒட்டி ஒரு குழி. கேண்டீன் மிச்சமும் கோழிக்கழிவும் அதில்தான் விழும். போன கோடையில் அந்தக் குழிக்கு ஏதோ ஒரு மிருகம் வரத் தொடங்கியது. பெண்கள் கேட்டில் செக்யூரிட்டியாக இருந்த எஸ்தர், அது ஓநாய் என்றார். குழியை மூடுங்கள், பஸ்ஸைக் கேட் வரை விடுங்கள் என்று மனு கொடுத்தார்.

நான் ஒரு வனத்துறை அதிகாரியிடம் போனில் கேட்டேன். "தொழிற்பேட்டையில் திரிவது ஓநாய் அல்ல, தெருநாய்களே" என்று நான்கு பத்தி எழுதினேன். மறுநாள் காலை ஒரு பெண் குரல் அழைத்தது.

"நைனா, நீ வந்து பாத்தியா?"

"அதிகாரி சொன்னதைத்தான் எழுதினேன்மா."

"அவரு வந்து பாத்தாரா?"

அதை நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

"அப்ப ரெண்டு பேரும் ஊட்ல குந்திக்கினே பாத்துட்டீங்க. நல்ல கண்ணுதான்."

இரண்டு நாள் கழித்துப் போனேன். என் செய்தியைக் கத்தரித்து, நான்கு குண்டூசிகளால் கேட்டின் அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்தார்கள். எஸ்தரின் மனுவுக்குக் கம்பெனி கொடுத்த பதில் அதுதான். அதன் கீழே நாற்காலி போட்டுத்தான் அவர் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்தார். ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்டேன்.

"கிழிச்சா நீ மறந்துடுவ. இருக்கட்டும், வந்து வந்து பாரு."

எஸ்தருக்கு ஐம்பத்திரண்டு வயது. எளாவூர்ப் பக்கம் பிறந்தவர். அவர் குடும்பம் நிலக்காரர்களின் ஆடுகளை மேய்த்தது; அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காகக் கிடை போட்டது. நிலங்கள் ஷெட்டுகளாக மாறியபோது ஆடுகள் போயின, எஸ்தருக்கு நீலச் சட்டை வந்தது. ஒரு விசில், ஒரு தடி. ஆந்திரா பக்கக் கரடுகளிலிருந்து இறங்கி ஆடு தூக்கிய ஓநாய்களை அவர் துப்பாக்கி இல்லாமல்தான் பார்த்து வளர்ந்தார். "கம்பெனில துப்பாக்கி கேட்டுப் பாத்தீங்களா?" என்று ஒருமுறை விளையாட்டாகக் கேட்டேன். "யார சுட, மேனேஜரயா?" என்றார். சிரிக்கவில்லை.

நாய்க்கும் நரிக்கும் ஓநாய்க்கும் வித்தியாசம் எப்படித் தெரியும் என்று கேட்டபோது அவர் சொன்னதை என் நோட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். "நரி அழுவும். நாய் கொலைக்கும். இது ரெண்டும் பண்ணாது. நின்னுக்கினு உங்கள எண்ணும்."

மனுவுக்குப் பதில் வந்த மறுநாளிலிருந்து அவர் காலை ஐந்தரைக்கே மெயின்ரோட்டுக்கு நடந்துபோய், பஸ்ஸிலிருந்து இறங்கும் பதினோரு பெண்களைத் தானே அழைத்துவரத் தொடங்கினார். அது அவர் வேலையில் சேராது. வழியில் மதகு அருகே ஒரு பயிற்சி கொடுத்தார். அதில் அன்பு இருந்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெண்களை வரிசையாக நிறுத்திவிட்டுக் கருவேலத்துக்குள் போய், அங்கிருந்து நேராக அவர்கள்மீது பாய்ந்து வருவார். ஓடியவளுக்குக் கெண்டைக்காலில் அடி விழும். கல்லெடுக்கக் குனிந்தவளுக்கு முதுகில். தெருநாயைக் கண்டால் கல்லுக்குக் குனிவது நம் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். அதைத்தான் அவர் முதலில் அடித்து நிறுத்தினார்.

"நாய்க்கு கல்லுன்னா பயம். இதுக்கு உன் ஒசரம்தான் பயம். குனிஞ்சின்னா இருக்கறதும் போச்சி."

டிபன் பாக்ஸ் மூடியைக் கையில் எடுக்க வேண்டும். கரண்டியால் தட்ட வேண்டும். ஒருவரோடு ஒருவர் தோள் ஒட்டி நின்று, அதன் முகத்தைப் பார்த்தபடியே ஒவ்வொரு அடியாகப் பின்னால் போக வேண்டும். சாப்பாட்டு மிச்சத்தைப் பாதையில் போடக் கூடாது. சற்றுப் பருமனான ஒரு பெண்ணிடம், "உன்ன புடிச்சா அதுக்கு மூணு நாளிக்கு நாஷ்டா கவல இல்ல, நீ நடுவுல நில்லு" என்றார். அவள் அழுதாள். நடுவில் நின்றாள்.

இதில் ஒரு தந்திரமும் வைத்திருந்தார். பாய்ந்து வரும்போது அவரே, "ஓடுங்கடி, வந்துடுச்சி, ஓடுங்கடி!" என்று உயிர்போகக் கத்துவார். அதைக் கேட்டும் ஓடாமல் நிற்க வேண்டும். கௌரி என்ற இருபத்து மூன்று வயதுப் பெண் முதல் நாள் ஓடித் தடுக்கி விழுந்தாள். எஸ்தர் தடியின் நுனியை அவள் கழுத்தில் வைத்தார்.

"செத்துட்ட. எழுந்து கேட்டுக்குப் போ. செத்தவளுக்கெல்லாம் லீவு கெடையாது."

ஒரு வாரத்தில் பதினோரு பேரும் அசையாமல் நிற்கக் கற்றுக்கொண்டார்கள். எஸ்தர் கத்தக் கத்த அவர்கள் சிரித்துக்கொண்டே நின்றார்கள். அவருக்கு அதில் பெருமை இருந்தது. வெளியே காட்டவில்லை.

அது வேலை செய்தது என்பதற்கு நானே சாட்சி. ஒரு காலை அவர்களோடு நடந்தேன். ஏரிக்கரையின் மேல், நாற்பது அடி தூரத்தில் அது நின்றது. ஒல்லி, நீளக் கால், சாம்பலும் செம்மண்ணும் கலந்த நிறம். எண்ணியது. என் கை தானாகக் கல்லுக்குப் போனது. புறங்கையில் தடி விழுந்தது. பின்னாலிருந்து என் சட்டைக் காலரைப் பிடித்து எஸ்தர் என்னை நிமிர்த்தினார். பதினோரு மூடிகளும் ஒன்றாக அலறின. நாங்கள் அடி அடியாகப் பின்வாங்கினோம். அது சிறிது தூரம் கூடவே வந்தது, பிறகு கரைக்கு அப்பால் இறங்கிவிட்டது. கேட்டுக்குள் வந்ததும் எஸ்தர் கேட்டார்: "இப்ப அது நாயா, நைனா?"

நான் போனில் எடுத்த படம் மங்கலாக இருந்தது. அதிகாரி உறுதிப்படுத்தாமல் போட முடியாது என்றது எங்கள் பத்திரிகையின் செய்தி டெஸ்க். அந்தச் செய்தி வரவில்லை. முதல் செய்தி பலகையிலேயே இருந்தது.

அன்றே கேட் எதிரே டீ குடிக்கும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். இந்த நினைவஞ்சலியில் எனக்கு எழுதக் கடினமான பத்தி இதுதான்.

"இதெல்லாம் உசுரு மேல ஆச இருக்கற மிருகத்துக்குத்தான் நைனா. வாயி ஈரமா, நட கோணலா ஒண்ணு வந்துச்சின்னா என் சட்டம் செல்லாது. நின்னா கடிச்சிடும். அன்னிக்கு ஓடணும். எதும் மேலயாச்சும் ஏறணும்."

"அதை அவங்ககிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"சொன்னா எல்லாத்துக்கும் ஓடுவாளுங்க. அந்த நாளு வந்தா நானே சொல்றேன்."

எந்த வார்த்தையால் சொல்வீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். முப்பது ஆண்டுகளாகக் கேள்வி கேட்பதுதான் என் தொழில். நோட்டை மூடிவிட்டு டீயைக் குடித்தேன்.

அந்த நாள் வந்தது. நடந்ததைக் கௌரியும் இன்னும் மூன்று பேரும் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். நான்கும் ஒத்துப்போகின்றன. மதகைத் தாண்டியதும் அது பாதையின் நடுவே வந்தது. தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது, வாயிலிருந்து எச்சில் கயிறாகத் தொங்கியது. பத்தடி தூரத்தில் ஒரு காலி லாரி நின்றது. எஸ்தர் பார்த்தவுடனே கத்தினார்: "ஓடுங்கடி! லாரி மேல ஏறுங்க! ஓடுங்கடி!"

பதினோரு பேரும் தோளொட்டி நின்றார்கள். மூடியைத் தூக்கினார்கள்.

"டெஸ்ட்டுன்னு நெனச்சோம் சார்" என்றாள் கௌரி. "அக்கா மூணு வாட்டி கத்துனாங்க. கெட்ட வார்த்தையில திட்டுனாங்க. நான் சிரிச்சேன் சார். எப்பவும் சிரிக்கற மாதிரி சிரிச்சேன்."

அவர்கள் நகரமாட்டார்கள் என்று தெரிந்ததும் எஸ்தர் தடியைக் குறுக்கே பிடித்து வரிசைக்கு முன்னால் போய் நின்றார். அது தடியைக் கடித்தது, பிறகு கையை, பிறகு கழுத்தை. லாரி டிரைவரும் கிளீனரும் இறங்கி வந்து இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றார்கள். பதினோரு பேரில் ஒருவர் மேலும் பல் படவில்லை.

காயத்தைக் கேட் குழாயடியில் துணிச்சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் அவரே கழுவினார். மஞ்சள் கொண்டுவந்த மேஸ்திரியைத் திட்டி விரட்டினார். பக்கத்து மருத்துவமனையில் முதல் ஊசி போட்டார்கள். காயத்துக்குள்ளேயே போட வேண்டிய இன்னொரு மருந்து இருக்கிறது, அது இங்கே இல்லை, இன்றே சென்னைக்குப் போங்கள் என்றார்கள். ஆனால் மாற்று ஆள் வராமல் கேட்டை விட்டுப் போகக் கூடாது என்பது கான்ட்ராக்ட் செக்யூரிட்டியின் முதல் விதி. பெண்கள் கேட்டுக்கு அன்றும் மறுநாளும் மாற்று ஆள் வரவில்லை. கழுத்தில் கட்டோடு வந்து, ஷிப்டு முடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் செய்தியின் கீழே. சென்னைக்குப் போனது மறுநாள் மாலை. அந்த ஒரு நாள்தான் அவரைக் கொன்றதா என்று மருத்துவரிடம் கேட்டேன். கழுத்துக் கடி, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நானும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரத்தில் தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகியது. ஈரத்துணியால் உதட்டைத் துடைக்கக் குனிந்த ரூத்திடம், தெளிவாக இருந்த ஒரு நேரத்தில் அவர் சொன்னார்: "என் வாயப் பாருடி, ஈரமா இருக்குது. தள்ளி நில்லு." அவள் தள்ளி நின்றாள். அம்மாவிடம் கேட்ட கடைசி வார்த்தை அதுதான் என்கிறாள்.

எளாவூர்க் கல்லறையில் பதினோரு பேரும் வந்திருந்தார்கள். மண் போடும் முறை வந்தபோது, மண்ணெடுக்கக் குனிய வேண்டியிருந்தது. கௌரியால் குனிய முடியவில்லை. ரூத்தான் ஒரு பிடி அள்ளி அவள் கையில் வைத்தாள்.

குழியை இப்போது மூடிவிட்டார்கள். ஒரு ஜேசிபிக்கு அரை நாள் வேலை. பஸ் இன்னும் மெயின்ரோட்டிலேயே நிற்கிறது. செத்த மிருகத்தை அன்றே அந்தக் குழியில் போட்டு டீசல் ஊற்றி எரித்திருக்கிறார்கள். யார் சொல்லி என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. வனத்துறையினர் வந்தபோது கிடைத்தது இரண்டுதான்: அதன் எச்சில் காய்ந்த, எஸ்தரின் கிழிந்த சட்டைக் கை, முள்வேலியில் சிக்கிய கொஞ்சம் மயிர்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பதும் இரண்டுதான். புறங்கையில் அந்தத் தடி விழுந்த இடம். தழும்பு இல்லை, ஆனால் இடம் தெரியும். இன்னொன்று, நான்கு குண்டூசி ஓட்டைகளோடு என் செய்தி. அடக்கம் முடிந்த மறுநாள் பலகையிலிருந்து நானே கழற்றினேன். இப்போது என் மேசைக்கு எதிரே, அதே உயரத்தில் குத்தியிருக்கிறேன்.

சட்டைக் கையும் மயிரும் பரிசோதனைக்கூடத்துக்குப் போயிருக்கின்றன. ஓநாய் என்று வந்தால், எஸ்தரின் சாவு வனவிலங்கு தாக்கிய சாவாகப் பதிவாகும். ரூத்துக்கு அரசு உதவி கேட்க வழி உண்டு. நாய் என்று வந்தால் இல்லை. இரண்டும் கலந்த பிறவி என்று வந்தால் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நான் கேட்ட எவருக்கும் தெரியவில்லை. முடிவு அடுத்த மாதம் இரண்டாவது வாரத்தில் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். போனில் கேட்டாலே போதும் என்றார்கள். நான் நேரில் போகிறேன்.